ஏற்புறுதியா, பின்னேற்பா? – அமெரிக்க அரசியலமைப்புப் பாடத்துக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு,
1787–1791 கால அமெரிக்க அரசியலமைப்பு விவாதங்கள் பற்றிய பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'ராட்டிஃபிகேஷன்' (எழுதிய ஆவணத்தை மாநிலங்கள் முறைப்படி ஏற்று உயிர் கொடுப்பது) வருமிடமெல்லாம் பாட வரைவில் 'ஒப்புதல்' என்றிருக்கிறது. 1787 செப்டம்பர் 17 அன்று பிலடெல்பியாவில் 39 பேராளர் அரசியலமைப்பில் கையெழுத்திட்டதும் ஒப்புதல், பிறகு மாநில மாநாடுகள் வாக்களித்ததும் ஒப்புதல் என்றால் மாணவர் எப்படிப் பிரித்தறிவர்? ஒரு சொல் தாருங்கள்.

---

'பின்னேற்பு' இருக்கிறதே. அலுவலகக் கோப்புகளில் பழகிய சொல். புதிதாக எதற்கு?

---

> பின்னேற்பு இருக்கிறதே

ஐயா, முன் அனுமதியின்றிச் செய்து முடித்ததைப் பிறகு ஏற்பதுதான் பின்னேற்பு. இங்கே எதுவும் செய்து முடிக்கப்படவில்லை. அரசியலமைப்பின் ஏழாம் உறுப்பின்படி ஒன்பது மாநில மாநாடுகள் ஏற்றால்தான் அந்த ஆவணத்துக்கு உயிர். 1788 ஜூன் 21 அன்று நியூ ஹாம்ப்ஷயர் ஒன்பதாவதாக ஏற்கும்வரை அது வெறும் தாள். என் பரிந்துரை 'ஏற்புறுதி'. ஏற்பு + உறுதி, குற்றியலுகரம் கெட்டுப் புணர்ந்தது. 'ஏற்புறுதி மாநாடு', 'ஏற்புறுதி செய்யாத மாநிலம்' என்று தடையில்லாமல் நீளும்.

---

'ஏற்பு' வேண்டாம். 'ஏற்பது இகழ்ச்சி' என்கிறாள் ஔவை. ஏற்றல் என்றால் கை நீட்டிப் பெறுதல். அந்த மாநாடுகளில் மக்கள் அதிகாரத்தைக் கொடுத்தார்கள், இரந்து பெறவில்லை. 'வழிமொழிவு' என்போம். வழி என்றால் பின். உத்திரமேரூர்ச் சபையார் 'வ்யவஸ்தை (விதி) செய்தோம்' என்று கல்லில் வெட்டினர். அது வடசொல் என்பதால் விடுகிறேன்.

---

அம்மா, பொறுப்பேற்றலும் தலைமையேற்றலும் இரத்தலா? வழிமொழிவோ, தீர்மானத்தை இரண்டாமவர் ஆதரிப்பதற்கு என்றோ போய்விட்டது. 'உறுதி' மிகை என்று யாரேனும் சொல்லுமுன் ஒன்று: இந்தப் பாடத்தின் உயிரே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. உரிமைகளுக்குக் காப்பு இல்லை என்று பிலடெல்பியாவில் பேராளர் ஜார்ஜ் மேசன் கையெழுத்திட மறுத்தார். மாசசூசெட்ஸ் 187–168 என்று ஏற்றபோது திருத்தங்களைப் பரிந்துரையாகத்தான் சேர்த்தது, நிபந்தனையாக அல்ல. பிறகு விலகும் உரிமையை வைத்துக்கொண்டு நியூயார்க் ஏற்கலாமா என்று அம்மாநிலப் பேராளர் ஹாமில்டன் கேட்க, அது ஏற்பே ஆகாது, முழுமையாகவும் என்றைக்குமாகவும் ஏற்க வேண்டும் என்று அரசியலமைப்பை உருவாக்கியவர்களுள் ஒருவரான மாடிசன் எழுதினார். மீள முடியாத ஏற்பு. அதைத்தான் 'உறுதி' சொல்கிறது.

---

இதைவிடப் பெரிய பிழை வரைவில் இருக்கிறது: அரசியலமைப்பின் முதல் பத்துத் திருத்தங்களான 'பில் ஆஃப் ரைட்ஸ்' என்பதற்கு 'உரிமைகள் மசோதா'. மசோதா என்றால் இன்னும் சட்டமாகாத வரைவு. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் 1789இல் 12 திருத்தங்களை மாநிலங்களுக்கு அனுப்பியது, 10 திருத்தங்கள் 1791 டிசம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்துவிட்டன. பேச்சுரிமை இன்னும் நிலுவையில் இருக்கிறது என்று பிள்ளைகள் எழுதுவார்கள். 'உரிமைச் சாசனம்' என்று திருத்துங்கள்.

---

சாசனம் வடசொல். 'உரிமைப் பட்டயம்'?

---

பட்டயம் என்றால் பலருக்கு டிப்ளமோ. சாசனமே இருக்கட்டும்.

---

இதுவரை ஏற்புறுதிக்கு நால்வர், வழிமொழிவுக்கு ஒருவர், பின்னேற்புக்கு ஒருவர். ஏற்புறுதி என்றே அனுப்புகிறேன். முதலில் வருமிடத்தில் 'ராட்டிஃபிகேஷன்' என்று தமிழெழுத்தில் சேர்க்கிறேன்.

---

அனுப்புங்கள். ஆனால் 'ரோட் தீவு 1790இல் 34–32 என்று ஏற்றது' என்று எழுதினால் எந்த மாணவருக்குப் புரியாது? வினை இருக்கும்போது பெயரைக் கட்டுகிறோம். என் மறுப்பு அப்படியே நிற்கிறது.