ஊரில் அம்மா, இங்கே கிளியரன்ஸ்: உங்களுக்கு என்ன நடந்தது?

வர்ஜீனியாவாசி:
அமெரிக்க அரசின் ரகசியத் தகவல்களைக் கையாளும் அனுமதிக்காக, அதாவது கிளியரன்ஸுக்காக, எஸ்எஃப்-86 படிவம் நிரப்பியவர்களுக்கு, உறவினர்களைப் பற்றிக் கேட்கும் 18ஆம் பிரிவைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அம்மா தஞ்சாவூர்ப் பக்கம் தனியாக இருக்கிறார், அதையும் எழுதினேன். விசாரிக்க வந்தவர் தன்மையான மனிதர்தான். குறிப்பெடுத்துக்கொண்டே வந்தவர் பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டு, "உங்கள் அம்மாவைப் பிடித்து வைத்துக்கொண்டு ரகசியம் கேட்டால் என்ன செய்வீர்கள்?" என்றார். உடனே மேலிடத்தில் தெரிவிப்பேன் என்றேன். உண்மையும் அதுதான். ஆனால் அன்று ராத்திரி வீடியோ காலில் அம்மா "சாப்பிட்டியாப்பா" என்றபோது தொண்டை அடைத்துவிட்டது. கிளியரன்ஸ் வந்து மூன்று வருடம் ஆகிறது, இதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

காவிரிக்கரை:
சார், இந்தியா நட்பு நாடு. பெற்றோர் அங்கே இருந்தால் ஒன்றும் ஆகாது. எனக்குப் பத்து மாதத்தில் வந்துவிட்டது. மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

மேரிலாந்து மலர்:
காவிரிக்கரை, ஒன்றும் ஆகாது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். என் அண்ணன் இந்திய ராணுவத்தில் சுபேதார். கிளியரன்ஸ் விதிகளில் 'வெளிநாட்டுச் செல்வாக்கு' என்ற பி பிரிவைக் காட்டி, ஏன் தரக்கூடாது என்று காரணம் சொல்லி எனக்குக் கடிதமே வந்தது, நீதிபதி முன் விசாரணை வரை போனேன். அண்ணனோடு எப்போது பேசுவீர்கள் என்று நீதிபதி கேட்டார். "அவர் லீவில் வரும்போது மட்டும்" என்றேன். பொய் இல்லை, ஆனாலும் அண்ணனை விட்டுக்கொடுத்த மாதிரி இருந்தது, அது இன்னும் உறுத்துகிறது.

2017இல் நடைமுறைக்கு வந்த விதிகளில் நட்பு நாட்டுக்கு விலக்கு கிடையாது. எந்த நாடு என்று பார்ப்பார்கள்தான், அதோடு உறவினர் யார், என்ன வேலை, அவரை வைத்து உங்களை நெருக்க முடியுமா என்றும் பார்ப்பார்கள். அதனால் புதிதாக நிரப்புகிறவர்கள் தயவுசெய்து யாரையும் விட்டுவிடாதீர்கள், மாமனார் மாமியாரும் அதில் உண்டு. அண்ணன் இருப்பது ஒரு கேள்வி, அண்ணனை மறைத்தது வேறு கேள்வி, இரண்டாவதிலிருந்து மீள்வதுதான் கஷ்டம். கடிதம் வந்தால் 20 நாளில் பதில் போக வேண்டும், விசாரணை வேண்டும் என்று அதிலேயே கேளுங்கள். இங்கே உங்களுக்கு இருக்கும் வேர்களைக் காட்டுங்கள்: வீடு, பிள்ளைகள் படிப்பு, சேமிப்பு, வேலை பார்த்த வருடங்கள். எனக்குக் கடைசியில் கிடைத்தது அதனால்தான்.

அப்புறம், பெற்றோர் பிறந்த தேதி சரியாகத் தெரியாவிட்டால் 'உத்தேசம்' என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். என் அம்மாவைக் கேட்டால், ஆடிப்பெருக்குக்கு மறுநாள் என்றுதான் சொல்வார்.