நாற்பது நாடுகள், ஒரு மைலோ டின், ஒரு பேஸ்புக் போதகர்: மிஷனரி ஜெபத்தை எப்படி நடத்துகிறீர்கள்?

செந்தூல் தம்பி:

ஸ்தோத்திரம். கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டுக் கூட்டத்தில் எட்டுப் பேர். வெள்ளிக்கிழமை இரவு எட்டரைக்குத் தொடங்குவோம், கடைசிப் பதினைந்து நிமிடம் மிஷனரி ஜெபம். அதற்கு ஒரு பட்டியல் உண்டு. ஏழெட்டு வருடத்துக்கு முன்பு யாரோ தட்டச்சு செய்து பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்தது, அதில் நாற்பது நாடுகள். ஒருவர் பெயரை வாசிப்பார், மற்றவர்கள் "ஆசீர்வதியும் ஆண்டவரே" என்போம், நைஜர் வருவதற்குள் யாராவது கொட்டாவி விட்டுவிடுவார். போன வாரம் அது நான்தான். நைஜருக்கும் நைஜீரியாவுக்கும் என்ன வித்தியாசம் என்று எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஜெபம் பண்ணுகிறோமா, ரயில் நிலைய அறிவிப்பு வாசிக்கிறோமா என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது.

இன்னொன்று பணம். மைலோ டின் மூடியில் ஓட்டை போட்டு வைத்திருக்கிறோம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எண்ணினால் முன்னூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) முன்னே பின்னே இருக்கும். இப்போது ஆந்திராவிலிருந்து ஒரு போதகர் பேஸ்புக்கில் பழக்கமாகி, முதல் வாரம் தினமும் காலையில் வசனம் அனுப்பினார், இரண்டாம் வாரம் அனாதைப் பிள்ளைகள் படம், மூன்றாம் வாரம் வங்கிக் கணக்கு எண். குழுவில் இரண்டு பேருக்கு மனம் உருகிவிட்டது. எனக்கு உறுத்துகிறது. ஆனால் இந்த உறுத்தல் விவேகமா, கல்நெஞ்சமா தெரியவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பழைய பொருளாளர், பிரிக்ஃபீல்ட்ஸ்:

தம்பி, பணத்தை முதலில் முடிப்போம். அனுப்பாதே.

எங்கள் சபையிலும் இது வந்தது. இரண்டு பேர் தனித்தனியாக வந்து தனித்தனி "போதகர்" அனுப்பிய படத்தைக் காட்டினார்கள், ஒருவர் குண்டூர், மற்றவர் விசாகப்பட்டினம் பக்கம். பிள்ளைகள் வரிசையாகத் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு கைப்பேசியையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே நீலச் சுவர், ஒரே காலண்டர், அதே பக்கமாகச் சாய்ந்து தொங்குகிறது. அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல வரவில்லை. உண்மையான ஊழியராகவே இருக்கட்டும், உன் பணம் அவரைச் சிக்கலில் மாட்டிவிடும். இந்தியாவில் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. ஊழியத்துக்கென்று வெளிநாட்டுப் பணம் வாங்க உள்துறை அமைச்சகத்தில் பதிவு வேண்டும், இல்லை முன் அனுமதி வேண்டும். 2020-ல் அந்தச் சட்டத்தைத் திருத்திய பிறகு அப்படி வரும் பணம் முதலில் புதுடில்லியில் உள்ள ஸ்டேட் பேங்கின் ஒரே ஒரு கிளையில் திறந்த கணக்கில்தான் விழ வேண்டும். விழுந்த பணத்தை அந்த அமைப்பு இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றி விடவும் முடியாது. "என் சொந்தக் கணக்குக்குப் போடுங்கள் பிரதர்" என்று ஒருவர் சொன்னால், ஒன்று அவருக்குச் சட்டம் தெரியாது, இல்லை நன்றாகவே தெரியும்.

மூன்று கேள்வி கேள்: பதிவு எண் என்ன, கணக்கு யார் பார்க்கிறார்கள், போன வருடத் தணிக்கை அறிக்கையை அனுப்ப முடியுமா. இதைக் கேட்பது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் பவுலைக் காட்டு. பிலிப்பி சபை காணிக்கையை எப்பாப்பிரோதீத்து கையில் கொடுத்து அனுப்பியது, பவுல் அது வந்து சேர்ந்தது என்று எழுதியே கொடுத்தார். இன்றைய மொழியில் ரசீது.

முன்னூறு வெள்ளிதானே என்று கூசவும் வேண்டாம். 1706-ல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கினார், சில வருடம் கழித்து லண்டன் சங்கம் ஒன்று அச்சு இயந்திரம் அனுப்பியது, ஜெர்மனியில் ஹாலேயில் தமிழ் எழுத்து வார்த்து அனுப்பினார்கள். அந்த எழுத்து பெரிதாகப் போய்விட்டது, காகிதம் கட்டுப்படியாகவில்லை. லண்டனிலிருந்து பாலாடைக்கட்டியைப் பொதிந்து அனுப்பிய ஈயத்தை உருக்கி இங்கேயே சின்ன எழுத்து வார்த்தார்கள் என்று சொல்வார்கள். 1715-ல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகிவிட்டது. பாலாடைக்கட்டி அனுப்பியவர் எதை நினைத்து அனுப்பினாரோ! உன் மைலோ டின் அதற்குக் குறைந்ததில்லை.

பினாங்கு அக்கா:

பொருளாளர் அண்ணன் பணத்தைப் பார்த்துக்கொண்டார், நான் கொட்டாவியைப் பார்க்கிறேன் தம்பி.

என் சித்தி மகளும் அவள் கணவரும் பதினோரு வருடமாக ஜார்க்கண்டில் மலைக் கிராமங்களில் இருக்கிறார்கள். அவள் அனுப்பும் ஜெபக் குறிப்பில் "எழுப்புதல்" என்ற சொல்லே இருக்காது. மோட்டார் சைக்கிள் கிளட்ச் ஒயர் அறுந்துவிட்டது, இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்தோம். மகன் விடுதியில் இருக்கிறான், பத்தாம் வகுப்பு, போனில் பேசினால் "ம்" என்று மட்டும் சொல்கிறான். போன மாதம் வந்தது இது: ஐந்து மாதமாக ஒரு தெருவில் நடக்கிறோம், ஒருவரும் வாசலுக்கு உள்ளே கூப்பிட்டதில்லை, நேற்று ஒரு பாட்டி கூப்பிட்டு உட்காரவைத்து அலுமினியச் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள், அவளுக்குக் கண்ணில் சீழ் வைத்திருக்கிறது, ஜெபித்துக்கொள்ளுங்கள்.

அவ்வளவுதான். அந்தப் பாட்டிக்காக எங்கள் ஏர் ஈத்தாம் பெண்கள் ஜெபக்குழு ஒரு மாதம் ஜெபித்தது. ஒருத்தி வந்ததும் வராததுமாக "பாட்டி கண் எப்படி இருக்கிறது" என்றுதான் கேட்பாள். நாற்பது நாட்டை மடித்து வை, ஒரு ஆளைப் பிடித்துக்கொள். அவர் எழுதுவதை வாசி, போன வாரம் கேட்டது என்ன ஆயிற்று என்று இந்த வாரம் விசாரி. பதில் வந்ததா என்று பார்க்காமல் கேட்டுக்கொண்டே இருப்பதால்தான் தூக்கம் வருகிறது.

ஒரு எச்சரிக்கை. பெயர், கிராமம், படம் எதையும் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அவர்களைத் தாங்கும் ஒருவர் அன்பாகத்தான் செய்தார், ஒரு கூட்டத்தின் படத்தை ஊர்ப் பெயரோடு பேஸ்புக்கில் ஏற்றினார், மூன்றாம் நாள் வாசலில் போலீஸ் ஜீப். மதமாற்றத் தடைச் சட்டம் ஒரிசாவில் 1967-லேயே வந்தது, இப்போது பல மாநிலங்களில் இருக்கிறது. நாங்கள் அவளை "தங்கச்சி" என்று மட்டும் சொல்லி ஜெபிக்கிறோம், ஆண்டவருக்கு யார் என்று தெரியும்.

பணம் அவளுக்கு அனுப்ப வேண்டாம். அவள் இருக்கும் சங்கம் வெளிநாட்டுப் பணம் வாங்குவதில்லை. 1903-ல் அசரியா என்ற ஊழியரும் மற்றவர்களும் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோதே இந்திய ஆட்கள், இந்தியப் பணம் என்றுதான் தொடங்கினார்கள். மிசோராமில் 1910 முதல் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே வைத்து, அதை விற்று ஊழியத்துக்குக் கொடுக்கிறார்கள், வேளா வேளைக்கு. மைலோ டின்னின் அக்கா அது.

புக்கிட் மெர்தாஜாம்காரன்:

நான் கத்தோலிக்கன், நுழையலாமா? பினாங்கு அக்கா சொன்ன பிடியரிசி மாதிரி எங்களிடமும் ஒரு கதை உண்டு. பிரான்ஸ், லியோன் நகரில் பவுலின் ஜாரிக்கோ என்ற இளம்பெண், ஆலைத் தொழிலாளிகளிடம் வாரம் ஒரு சல்லி, பத்துப் பேருக்கு ஒரு குழு என்று சேர்த்தார், 1822-ல் அது மறைபரப்புச் சங்கமாகவே ஆகிவிட்டது. காசு கொடுத்தவர்கள் ஜெபமும் சொல்ல வேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கு. இன்னொன்று, எங்களுக்கு மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலி குழந்தை தெரேசா. 24 வயதில் இறந்தவர், மடத்தை விட்டு எந்த மிஷன் நாட்டுக்கும் போனதே இல்லை.

புடு வாத்தியார்:

எல்லோரும் கப்பல் ஏறிவிட்டீர்கள். நான் கொஞ்சம் எரிச்சலோடுதான் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

புடுவில் ஒரு கடைவீட்டின் மூன்றாவது மாடியில் சின் இனப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். மியன்மாரிலிருந்து வந்த அகதிகள். மலேசியா அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத நாடு, அரசாங்கப் பள்ளியில் சேர வழியில்லை, அவர்கள் சமூகமே நடத்தும் பள்ளிதான். அறுபது பிள்ளைக்கு இரண்டு அறை, ஒரு மின்விசிறி. இந்தப் பிள்ளைகளின் பாட்டன் பூட்டன் ஊரான ஹக்காவுக்கு 1899-ல் கார்சன் தம்பதி என்ற அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரிகள் போனார்கள். அவர்களை அனுப்ப ஏதோ ஒரு அமெரிக்கக் கிராமத்தில் யாரோ காசு போட்டிருப்பார்கள். அந்த ஜெபத்தின் பேரப்பிள்ளைகள் இப்போது எல்ஆர்டி ரயிலில் உங்கள் பக்கத்தில் நிற்கிறார்கள், நாம் "மியன்மாரை ஆசீர்வதியும்" என்று பட்டியல் வாசித்துவிட்டு அவர்களைத் தாண்டி இறங்கிப் போகிறோம்.

பினாங்கு அக்கா:

வாத்தியார் சொல்வது சரி, ஆனால் ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்க வேண்டியதில்லை. மார்ச் முதல் வெள்ளி பெண்கள் உலக ஜெப நாள், ஒவ்வொரு வருடமும் ஒரு நாட்டுப் பெண்கள் ஜெப முறையை எழுதுவார்கள், அன்று உலகமே அந்த ஒரு நாட்டுக்காக ஜெபிக்கும். 2012-ல் நம் மலேசியப் பெண்கள் எழுதினார்கள். எங்கேயோ முன்பின் தெரியாத ஊரில் ஒரு கிழவி நம் நாட்டின் பெயரை உச்சரிக்கத் திணறியிருப்பாள், நீ நைஜருக்குத் திணறிய மாதிரி.

செந்தூல் தம்பி:

எல்லோருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பேஸ்புக் போதகரிடம் அண்ணன் சொன்ன மூன்று கேள்வியையும் மரியாதையாகவே கேட்டேன். "கர்த்தர் உன்னை நியாயந்தீர்ப்பார்" என்று ஒரு பதில், அதோடு பிளாக். குழுவில் ஒரு சிஸ்டருக்கு இன்னும் வருத்தம், அந்தப் பிள்ளைகள் உண்மையாகவே இருந்தால் என்ன செய்வார்கள் என்று. எனக்கும் அதற்குப் பதில் தெரியவில்லை, ஆகவே அந்தப் பிள்ளைகளுக்காகவும் ஜெபித்தோம்.

பட்டியலை எடுத்து வைத்துவிட்டோம். ஜெபம் தங்கச்சிக்கு (அக்கா, பாட்டி கண் எப்படி இருக்கிறது?), டின் புடு பள்ளிக்கு. இந்தத் தடவை இரண்டாவது மின்விசிறி, வாத்தியார் கடைப் பற்றுச்சீட்டு காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். கொட்டாவி இல்லை, ஆனால் பத்தேகால் ஆகிவிட்டது, வைத்திருந்த மீகூன் ஆறிப்போய் வீட்டுக்காரம்மாவுக்குக் கோபம்.

ஒரு சந்தேகம், பொருளாளர் அண்ணே. முன்னூறில் பாதிக்கு மேல் பத்து சென், இருபது சென். எந்த வங்கியில் முகம் சுளிக்காமல் வாங்குவார்கள்?

பழைய பொருளாளர், பிரிக்ஃபீல்ட்ஸ்:

எண்ணிப் பை பையாகக் கட்டிக்கொண்டு காலையிலேயே போ. டின்னை அப்படியே கவுன்டரில் கவிழ்த்துவிடாதே. நான் ஒருமுறை கவிழ்த்துவிட்டு இரண்டு மாதம் அந்தக் கிளைப் பக்கமே போகவில்லை.