யீஷூன் பழைய கம்ப்யூட்டர் குழு: திரைக்கு எழுதினது எங்க போச்சு?

பிரகாஷ்: செல்வம் அண்ணே, என்கிட்ட இருக்கிறது 1980-கள்ல வந்த பிபிசி மைக்ரோ மாடல் பி கம்ப்யூட்டர். ரெண்டாவது ப்ராசசர் மாட்டுற ட்யூப் கனெக்டர்ல ராஸ்பெர்ரி பை ஜீரோ (சுருக்கமா பை), அதுல அந்த ரெண்டாவது ப்ராசசர் மாதிரி நடிக்கிற பைட்யூப்டைரக்ட் மென்பொருள். 6502 கோ-ப்ராசசர் (ரெண்டாவது ப்ராசசர்) ஒழுங்கா எழும்புது. மோட் 7 எழுத்துத் திரையோட மெமரி தொடங்குற 31744-ல 65 (ஏ எழுத்தோட எண்) எழுதுற சின்ன அசெம்பிளி. பையைக் கழட்டினா திரையில ஏ தெரியுது, மாட்டினா ஒண்ணும் இல்ல. எரரும் வரல.

செல்வம்: எரர் வராது தம்பி. கோடு சரியாத்தான் ஓடுது, வேற மெமரியில எழுதுது. பை மாட்டினதும் உன் புரோகிராம் இருக்கிறது பை காட்டுற 64 கே-யில. திரை இருக்கிறது பிபிசி போர்டுல உள்ள 32 கே-யில. ரெண்டுக்கும் பொதுவா ஒரு பைட் கூட கிடையாது. நடுவுல இருக்கிறது ட்யூபோட எட்டு ரெஜிஸ்டர் மட்டும்தான்.

செல்வம்: பேசிக்ல பிரிண்ட் ?31744 போட்டுப் பாரு. 65-னு சொல்லும். பேசிக்கும் பை பக்கம்தானே ஓடுது.

மாலதி: இன்னொண்ணு பிரகாஷ், கோ-ப்ராசசர்ல ஹைமெம் (பேசிக் பயன்படுத்துற மெமரியோட மேல் எல்லை) 32768. திரை முழுக்க 1000 பைட் நிரப்பினா 32743 வரைக்கும் போகும். பேசிக்கோட ஸ்டாக் 32768-ல இருந்து கீழே வளருது. ஒரு ப்ரொசீஜருக்குள்ள இருந்து கூப்பிட்டா அந்த ஸ்டாக்கையே அழிச்சிடும். அப்புறம் சம்பந்தமே இல்லாத வரியில எரர் வரும், தேடித் தேடி அலையணும்.

பிரகாஷ்: அப்ப எப்படி எழுதுறது அக்கா?

மாலதி: ஓஎஸ் கதவு வழியா. எல்டிஏ ஏ ரெஜிஸ்டர்ல எண்ணைப் போடும், ஜேஎஸ்ஆர் 65518 அதைத் திரைக்கு அனுப்புற ஓஎஸ் ரொட்டீனைக் கூப்பிடும். முகவரியை எல்லாம் டெசிமல்லயே தர்றேன், அசெம்பிளர் ஏத்துக்கும்.

எல்டிஏ #31 : ஜேஎஸ்ஆர் 65518
எல்டிஏ #10 : ஜேஎஸ்ஆர் 65518
எல்டிஏ #5 : ஜேஎஸ்ஆர் 65518
எல்டிஏ #65 : ஜேஎஸ்ஆர் 65518
ஆர்டிஎஸ்

31 கர்சரை நகர்த்தும், 10 நெடுவரிசை, 5 வரி. பை இருந்தாலும் இல்லாட்டியும் இதே கோடு ஓடும்.

பிரகாஷ்: ஒரு எழுத்துக்கு நாலு தடவை கூப்பிட்டா மெதுவா இருக்காதா?

ஹனீஃபா: இருக்காது தம்பி. எழுத்து போற ரெஜிஸ்டர்ல 24 பைட் வரிசை இருக்கு. உன் கோடு அதுல போட்டுட்டு அடுத்த வேலைக்குப் போயிடும், வரிசை நிரம்பினாத்தான் காத்திருக்கும். அடுத்தடுத்த எழுத்துன்னா 31 ஒரு தடவை போதும்.

பிரகாஷ்: திரை மெமரியையே நேரா தொடணும்னா?

ஹனீஃபா: ஓஎஸ்வேர்டு 6, பிபிசி மெமரியில ஒரு பைட் எழுதுற ஓஎஸ் கால். அஞ்சு பைட் பிளாக்: 0, 124, 255, 255, அப்புறம் 65. முதல் நாலும் முகவரி, சின்ன பைட் முன்னால. 124 பெருக்கல் 256 தான் 31744. ஏ ரெஜிஸ்டர்ல 6, எக்ஸ் ரெஜிஸ்டர்ல பிளாக் முகவரியோட கீழ் பைட், ஒய்-ல மேல் பைட், ஜேஎஸ்ஆர் 65521. படிக்கிறதுக்கு ஏ-யில 5, விடை அஞ்சாவது பைட்ல வரும்.

மாலதி: ஒண்ணு ரெண்டு பைட்டுக்கு சரி, திரை நிரப்ப வேண்டாம். ஒரு பைட்டை எழுத மொத்த பிளாக்கும் ட்யூபைத் தாண்டணும். அதோட மோட் 7 ஒரு தடவை ஸ்க்ரோல் ஆயிட்டா மேல் இடது மூலை 31744-ல இருக்காது. எனக்கு 31 போட்டு எழுதுறதுதான் எப்பவும் நம்பிக்கை.

செல்வம்: வேகமான திரை வேலைன்னா அந்தப் பகுதியை மட்டும் பிபிசி பக்கமே ஓட விடு. பி% (கோடு போய் உட்கார்ற முகவரி) = 8192 வச்சு அசெம்பிள் பண்ணு. *சேவ் பண்றப்ப தொடக்கம் 2000, முடிவு, அப்புறம் ஓடுற முகவரி, ஏத்துற முகவரி ரெண்டுக்கும் எஃப்எஃப்எஃப்எஃப்2000. ஸ்டார் கமாண்டுல ஹெக்ஸ்தான், அதனால 8192 இங்க 2000. பிறகு *ரன். முன்னால நாலு எஃப் இருந்தா டிஎஃப்எஸ் (டிஸ்க்கைக் கையாளுற மென்பொருள்) அதை பிபிசி மெமரியில ஏத்தி அங்கேயே ஓட்டும். ஆர்டிஎஸ் வந்ததும் உன் பக்கம் திரும்பிடும்.

பிரகாஷ்: ஏ வந்திருச்சு அக்கா, 10, 5-ல! ஆனா டிலே லூப் போட்ட இடம் எல்லாம் கண்ணுக்கே தெரியாம பறக்குது.

மாலதி: பைட்யூப்டைரக்ட்ல பல கோ-ப்ராசசர் எண் போட்டு இருக்கு, நீ ஓட்டுற 0 பையால முடிஞ்ச வேகத்துல ஓடும். லூப்பை எண்ணி நேரம் கணக்குப் பண்ணாத. எல்டிஏ #19 : ஜேஎஸ்ஆர் 65524. அடுத்த திரை ஃப்ரேம் வரைக்கும் நிக்கும். 50 ஹெர்ட்ஸ், அதாவது ஃப்ரேமுக்கு 20 மில்லி செகண்ட்.

ஹனீஃபா: பழைய கோடை மாத்தாம ஓட்டணும்னா *எஃப்எக்ஸ் 151,230,1 போட்டு கன்ட்ரோல்-பிரேக். வேகம் கட்டுப்படுத்தின 6502 அது. கடைசி எண்ணுல 12 போட்டா ஏஆர்எம்2, 13 போட்டா 32016. ஆனா அதுங்களுக்கு இந்த 6502 கோடு ஒத்து வராது.

பிரகாஷ்: மெமரியில 0 எழுதுற எஸ்டிஇசட் கட்டளை போட்டா அசெம்பிளர் திட்டுது.

செல்வம்: பேசிக் 2-க்கு 65சி02 (6502-வோட பிந்தின வகை) கட்டளை தெரியாது. பிபிசி மாஸ்டர்ல வர்ற பேசிக் 4-க்குத் தெரியும். உன் மெஷின்ல ஈக்யூபி 100 : ஈக்யூபி 112 போடு, எஸ்டிஇசட் 112-க்குச் சமம். ஜீரோ பேஜ்ல (மெமரியோட முதல் 256 பைட்) 112-ல இருந்து 143 வரைக்கும் உனக்கு. ஆனா பிபிசி பக்கம் அனுப்புற துண்டுல இதைப் போடாத, அங்க இருக்கிறது பழைய 6502.

வசந்தா: பிரகாஷ் கேட்டதால நானும் ஒரு பை வாங்கலாம்னு இருக்கேன். நேரா வயரைச் சேர்த்தா போதுமா?

ஹனீஃபா: வேண்டவே வேண்டாம் வசந்தாக்கா. பிபிசி 5 வோல்ட், பையோட பின் 3.3 தான் தாங்கும். நடுவுல லெவல் ஷிஃப்டர் போர்டு கட்டாயம். 40 பின் ரிப்பன் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. பைக்கு 5 வோல்ட் ட்யூப்ல இருந்தே வரும், அதனால யுஎஸ்பி பவரும் சேர்த்துக் குத்தாதீங்க.

செல்வம்: மாடல் பி-ன்னா ட்யூபைக் கையாளுற ஹோஸ்ட் கோடு உள்ள ரோம் சிப்பும் வேணும், டிஎன்எஃப்எஸ் ரோம் போதும். அது இல்லாட்டி பை இருக்கிறதே பிபிசிக்குத் தெரியாது. மாஸ்டர்னா *கான்ஃபிகர் ட்யூப். பவர் போட்ட உடனே பை தயாரா இருக்காது, சில செகண்ட் விட்டு கன்ட்ரோல்-பிரேக்.

வசந்தா: என்னோடது அலமாரியில ரொம்ப வருஷமா கிடக்குது. பிளக் அப்படியே நம்ம சுவத்துல சேருது.

செல்வம்: சேரும், ஆனா இன்னும் போடாதீங்க. பவர் சப்ளையில ரிஃபா காகிதக் கப்பாசிட்டர் ரெண்டு இருக்கும், 10 நானோஃபாரட், 100 நானோஃபாரட். மேல் கூடு விரிசல் விட்டு நம்ம ஊர் ஈரம் உள்ள போயிருக்கும். கரண்ட் பட்டதும் புகைஞ்சு வீடு பூரா நாறும். சிம் லிம் டவர்ல எக்ஸ்2 ரகம், 275 வோல்ட் ஏசி-ன்னு கேட்டு வாங்குங்க. பிளக்கை உருவி ரொம்ப நேரம் விட்டுட்டுத் திறக்கணும், பெரிய கப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும். சால்டரிங் பழக்கம் இல்லாட்டி என்கிட்ட கொடுங்க. பை அதுக்கப்புறம்தான்.