மெயில் மாற்றும்போது பெரிய இணைப்புகள்: உங்களுக்கு என்ன நடந்தது?

தக்கலை, ஆதாரம் எழுதும் ஆபீஸ்:
அப்பா காலத்திலிருந்து ஆதாரம், அதாவது சொத்துப் பத்திரம், எழுதும் ஆபீஸ் எங்களுடையது. பதினோரு வருட மெயிலும் ஒரு ஹோஸ்டிங் கம்பெனியில் இருந்தது. போன மாதம் வேறு சேவைக்கு மாற்றினோம். இரண்டு ராத்திரி ஓடி, காலையில் "முடிந்தது" என்று காட்டியது. பழைய கணக்குக்கு இனி பணம் கட்ட வேண்டாம் என்று நினைத்திருந்தேன்.

அந்த வாரம் திருவட்டாறு பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். முன்பு அவர் மகன் மெயிலில் அனுப்பிய பழைய ஆதாரம் வேண்டுமாம். கேரளக் கணக்கில் கொல்லம் ஆண்டு 1109, மலையாள எழுத்து. 1956 வரை குமரி மாவட்டக்காரர்கள் நாம் திருவிதாங்கூரோடு இருந்தவர்கள், பல குடும்பங்களில் ஆதாரம் அப்படித்தான் இருக்கும். அசலைக் கரையான் தின்றுவிட்டது, ஸ்கேன்தான் மிச்சம். தேடினால் அந்த மெயிலே புதிய பெட்டியில் இல்லை. அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இரண்டு பெட்டியையும் ஃபோல்டர் ஃபோல்டராக எண்ணினேன். 63 மெயில் குறைந்தது. மாற்றும் மென்பொருள் நடந்ததையெல்லாம் பதிந்து வைக்கும் லாக் கோப்பைத் திறந்தால், ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவே ஒவ்வொன்றுக்கும் "மெசேஜ் டூ லார்ஜ்" என்று ஒரு வரி.

அந்த ஸ்கேன் 19 எம்பி. புதிய சேவையின் வரம்பு 25 எம்பி. பிறகு ஏன் போகவில்லை? மெயில் எழுத்துகளை மட்டும் சுமப்பதற்காக உருவானது. படமோ பிடிஎஃபோ போக வேண்டுமென்றால் பேஸ்64 முறையில் எழுத்தாக மாற வேண்டும். 3 பைட் 4 எழுத்தாகிறது, அதாவது மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். 19 எம்பி 25-ஐத் தாண்டியது அப்படித்தான். 18 எம்பிக்கு மேல் உள்ள எதையும் நான் இப்போது சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

நல்லவேளை, பழைய பெட்டி மூடவில்லை. தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளில் அதை இணைத்து, அளவு வாரியாக அடுக்கி, அந்த 63-ஐயும் முதலில் இஎம்எல் கோப்பாக, அதாவது முழு மெயிலும் ஒரே கோப்பாக, சேமித்தேன். யார், எந்தத் தேதியில் அனுப்பினார் என்ற தலைப்பு விவரமும் அதில் அப்படியே இருக்கும். எங்கள் தொழிலில் அது முக்கியம். இணைப்பைத் தனியே பிரித்தெடுக்கும் வசதியும் தண்டர்பேர்டில் உண்டு, ஆனால் அது சர்வரில் இருக்கும் மெயிலிலிருந்தே இணைப்பை எடுத்துவிடும். முழுப் பிரதி கையில் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். அந்த அம்மாவுக்கு மறுநாளே பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.

மார்த்தாண்டம், ரப்பர் வியாபாரம்:
எனக்கு நேர்மாறாக நடந்தது அண்ணா, மெயில் கூடிப்போனது. ஜிமெயிலில் ஒரே மெயிலுக்கு மூன்று லேபிள் போட்டிருந்தால், மெயிலை வேறு மென்பொருளுக்கு எடுக்கும் வழியான ஐமேப் அதை மூன்று ஃபோல்டரில் காட்டும். எல்லா மெயிலும் இருக்கும் "ஆல் மெயில்" ஃபோல்டர் வேறு. பில் ஸ்கேன் எல்லாம் இரண்டு மூன்று தடவை ஏறி, புதிய பெட்டி பாதியிலேயே நிறைந்துவிட்டது. அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். இன்னொன்று, ஜிமெயிலிலிருந்து ஐமேப் வழியாக ஒரு நாளைக்கு 2,500 எம்பிதான் இறக்க விடுவார்கள். ஒரே நாளில் முடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். தேடும் இடத்தில் ஆங்கிலத்தில் லார்ஜர், முக்காற்புள்ளி, 15எம் என்று அடித்தால் பெரிய மெயில்கள் மட்டும் வரும். அதை முதலில் பாருங்கள்.

குளச்சல்:
அண்ணன் குவைத்திலிருந்து வீட்டு பிளான் அனுப்பியிருந்தார். மெயில் ஒழுங்காக மாறி வந்தது. திறந்தால் கோப்பு இல்லை, ஒரு லிங்க். 25 எம்பிக்கு மேல் போனால் ஜிமெயில் கோப்பை கூகுளின் இணையச் சேமிப்பிடமான டிரைவில் வைத்து லிங்க் மட்டும்தானே அனுப்பும்? அண்ணன் அந்தப் பழைய கணக்கை எப்போதோ மூடிவிட்டார். பிளானைப் புதிதாக வரைய வேண்டியதாயிற்று. எண்ணிப் பார்த்தால் இது தெரியாது, எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கும்.

தக்கலை, ஆதாரம் எழுதும் ஆபீஸ்:
தம்பி, இதைப் படித்ததும் டிரைவ் லிங்க் உள்ள மெயில்களைத் தேடினேன். பதினொன்று இருக்கின்றன. இரண்டில் லிங்க் திறக்கவில்லை, அனுப்பியவர்களுக்கு இப்போதே போன் போடுகிறேன். மீதியை இறக்கிக்கொண்டிருக்கிறேன். பழைய கணக்குக்கு இன்னும் ஒரு வருடம் பணம் கட்டிவிட்டேன்.