ஓக் மரம் வரைக்கும்

குழு: மேலமாசி வீதிச் சொந்தங்கள்

பிப்ரவரி, வெள்ளிக்கிழமை

செல்வி, இரவு 10.14
அத்தை, உறங்கிவிட்டீர்களா? பொங்கலன்று உங்கள் அலமாரியிலிருந்து எடுத்துவந்த டால்ஸ்டாயின் ‘போரும் வாழ்வும்’ நாவலைத் திருப்பித் தந்துவிடலாம் என்று நினைக்கிறேன். மூன்று வாரமாக அடையாளச் சீட்டு ஒரே பக்கத்தில் இருக்கிறது. கடையில் கணக்கை முடித்து, பஸ் பிடித்து வில்லாபுரம் வந்து, சமைத்து, பையனைப் படிக்கவைத்து உட்காரும்போது மணி பத்தாகிவிடுகிறது. இரண்டு பக்கம் போவதற்குள் யார் யாருடைய மகன் என்பது மறந்துவிடுகிறது. மீதியைப் புரட்டிப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது.

அங்கயற்கண்ணி அத்தை, இரவு 10.21
விழித்துத்தான் இருக்கிறேன். எந்த இடத்தில் நிற்கிறாய்?

செல்வி, இரவு 10.25
பியர் மனைவியைப் பிரிந்து வருகிறான். வழியில் ஒரு கிழவரைச் சந்திக்கிறான். பிறகு கண்ணைக் கட்டி ஓர் இரகசியச் சங்கத்துக்கு அழைத்துப்போகிறார்கள். அங்கேதான் நிற்கிறேன். ஆஸ்டர்லிட்ஸ் போர் வரை வேகமாகப் படித்தேன் அத்தை. ஆந்திரேய் அடிபட்டு மல்லாந்து கிடந்து, அந்த உயரமான வானத்தைப் பார்க்கிறானே, அதைப் படித்த அன்று அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. அதன்பிறகு ஒன்றும் பிடிபடவில்லை.

அங்கயற்கண்ணி அத்தை, இரவு 10.33
ஃப்ரீமேசன் சங்கம். நானும் முதல் தடவை அதே இடத்தில்தான் நின்றுபோனேன், செல்வி. பி.எட். படித்துக்கொண்டிருந்தேன். ஆறு மாதம் புத்தகத்தைத் தொடவே இல்லை. எனக்கும் உன்னைப் போலத்தான், கடைசிப் பக்கத்தின் மேலேயே கண்.

நீ கடைசிப் பக்கத்தை மறந்துவிடு. ஓக் மரம் வரைக்கும் மட்டும் படி.

செல்வி, இரவு 10.34
எந்த ஓக் மரம்?

அங்கயற்கண்ணி அத்தை, இரவு 10.41
சொல்லமாட்டேன். நீ நிற்கும் இடத்திலிருந்து இருபது அத்தியாயம்கூட இல்லை. நாவல் முழுவதும் 361 அத்தியாயம், பெரும்பாலும் மூன்று நான்கு பக்கம்தான் வரும். நாளுக்கு ஒன்று என்றால் மூன்று வாரத்தில் அந்த மரத்தடிக்குப் போய்விடுவாய். அங்கே போன பிறகும் திருப்பித் தரவேண்டும் என்று தோன்றினால் கொண்டுவந்து கொடு. ஒரு சொல் கேட்கமாட்டேன்.

எங்கள் தல்லாகுளம் வழியாகத்தானே அழகர் வருகிறார்? மலையிலிருந்து கிளம்புகிறவர் நேராகவா வைகைக்கு வந்து இறங்குகிறார்? 400-க்கும் மேற்பட்ட மண்டகப்படிகளில் நின்று நின்றுதான் வருகிறார். இந்த நாவலையும் மண்டகப்படி மண்டகப்படியாகத்தான் படிக்கவேண்டும். அடுத்த பந்தல் எது என்று தெரிந்தால் போதும்.

பாண்டி மாமா, இரவு 10.50
செல்வி, ஒன்று கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதே. அலுத்துக் களைத்து வீடு வந்து, ரஷ்யாக்காரர் கதையை இவ்வளவு சிரமப்பட்டுப் படிக்கவேண்டுமா? நம் ஊர்க் கதைகளே ஏராளமாக இருக்கின்றனவே.

அங்கயற்கண்ணி அத்தை, இரவு 11.02
நல்ல கேள்வி தம்பி. நம் மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோதுதான் காந்தி 1921 செப்டம்பர் 22 அன்று வேட்டி சட்டையை விட்டு அரையாடைக்கு மாறினார். அந்த வீட்டைக் காட்டிக் காட்டித்தான் நம் பிள்ளைகளை வளர்த்தோம். அந்தக் காந்தி தன் மனத்தை மாற்றிய மனிதர்களில் ஒருவராக டால்ஸ்டாயைச் சொன்னார். இருவரும் 1909, 1910 ஆண்டுகளில் கடிதம் எழுதிக்கொண்டார்கள். தென்னாப்பிரிக்காவில் சத்தியாகிரகிகளுக்காகத் தொடங்கிய பண்ணைக்கு டால்ஸ்டாயின் பெயரையே வைத்தார்கள். டால்ஸ்டாய் எப்படிப் போரை வெறுக்கும் இடத்துக்கு வந்தார் என்பதன் தொடக்கத்தை இந்த நாவலில் பார்க்கலாம். எனக்கு அது தூரத்துக் கதையாகத் தோன்றியதே இல்லை.

தமிழில் தந்தவர் டி.எஸ். சொக்கலிங்கம். 1934-இல் தினமணி தொடங்கியபோது அதன் ஆசிரியராக இருந்தவர். செய்தித்தாள் நடத்திய மனிதர் இத்தனை பெரிய நாவலை உட்கார்ந்து மொழிபெயர்த்திருக்கிறார். நாம் உட்கார்ந்து படிக்கலாம்.

சனிக்கிழமை

பெரியப்பா, காலை 5.38
இரவே பார்த்தேன். எழுத்துப் பெரிதாக வைத்தும் கண் மங்கலாகத் தெரிந்ததால் பதில் எழுதவில்லை. இப்போது பேரன் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறான்.

செல்வி அம்மா, நான் அந்த நாவலைப் படித்தது ஆலைக் கதவடைப்பின்போது. மூன்று மாதம் சம்பளம் இல்லை. காலையில் வாசலுக்கு எதிரே பந்தலுக்குப் போய் உட்காருவோம், மாலையில் திரும்புவோம். பேசிப் பேசிப் பேச்சும் தீர்ந்துவிட்டது. நூலகத்திலிருந்து இந்த நாவலை எடுத்துக்கொண்டு போனேன். நான்காவது நாள் பக்கத்தில் இருந்த நூற்புப் பிரிவுத் தோழர், அந்தத் தடியான பிள்ளை சண்டைக்குப் போனானே, என்ன ஆனான் என்று கேட்டார். வாய்விட்டுப் படித்தேன். மறுநாள் ஆறு பேர் சேர்ந்துகொண்டார்கள். பிறகு நான் வரத் தாமதமானால் ஆள் அனுப்பிவிடுவார்கள். நான் தனியாக இருந்திருந்தால் பாதியில் விட்டிருப்பேன். கேட்பதற்கு ஆள் இருந்ததால் முடித்தேன்.

செல்வி, காலை 6.05
பெரியப்பா, இதை இதுவரை நீங்கள் எங்களிடம் சொன்னதே இல்லையே.

பெரியப்பா, காலை 6.09
யாரும் கேட்டதில்லை அம்மா.

கார்த்திக், காலை 7.20
அக்கா, நத்தம் சாலை நூலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன். போட்டித் தேர்வுக்குப் படிக்கும்போது நான் செய்வதுபோல, கதைச் சுருக்கத்தை முதலில் பார்த்துவிட்டுப் படித்தால் எளிதாக இருக்காதா? அப்படிப் படிப்பது தவறா அத்தை?

அங்கயற்கண்ணி அத்தை, காலை 7.45
தவறே இல்லை. நெப்போலியன் 1812-இல் மாஸ்கோவுக்குள் போய், பனியிலும் பசியிலும் படையை இழந்து திரும்பினான் என்பது பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. முடிவு தெரிந்துதான் படிக்கிறோம். பாரதக் கூத்தில் பதினெட்டாம் நாள் என்ன நடக்கும் என்று தெரியாமலா விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள்? ஆனால் சுருக்கத்தைப் படித்ததும் நாவலைப் படித்துவிட்டதாக நினைத்துவிடாதே. நத்தாஷா ஒரு வேட்டை நாளுக்குப் பிறகு கிராமத்து வீட்டில் ஆடுகிறாள். பிரெஞ்சுக்காரப் பெண் வளர்த்த பிள்ளைக்கு அந்த மண்ணின் ஆட்டம் எங்கிருந்து வந்தது என்று எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். சுருக்கத்தில் அது ஒரு வரிகூட வராது. எனக்கு நாவலின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

செல்வி, காலை 7.52
பெயர்கள்தான் அத்தை பெரிய தொல்லை. ஒரே ஆளுக்கு மூன்று பெயர்.

அங்கயற்கண்ணி அத்தை, காலை 8.10
அது நம் முன்னெழுத்து முறைதான். நாம் அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் போடுகிறோம், அவர்கள் முழுப்பெயரையே நடுவில் வைக்கிறார்கள். ‘விச்’ என்று முடிந்தால் மகன், ‘வ்னா’ என்று முடிந்தால் மகள். ஆந்திரேய் நிக்கோலாயெவிச் என்றால் நிக்கோலாயின் மகன் ஆந்திரேய். அவன் தங்கை மாரியா நிக்கோலாயெவ்னா. நத்தாலியாவை வீட்டில் நத்தாஷா என்பார்கள். என்னைப் பள்ளியில் அங்கயற்கண்ணி என்றும் வீட்டில் கண்ணு என்றும் கூப்பிடவில்லையா?

உன்னிடம் இருக்கும் முதல் தொகுதியில் பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்று செருகியிருக்கும், பார். அதன் பின்பக்கத்தில் ஐந்து குடும்பங்களையும் கொடிவழியாக எழுதிவைத்திருக்கிறேன். பத்திரிகை உன் அப்பா அம்மா கல்யாணத்துடையது.

செல்வி, காலை 8.31
இருக்கிறது அத்தை! இத்தனை நாள் வெறும் அடையாளச் சீட்டு என்று நினைத்துப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அம்மா, காலை 8.40
அந்தப் பத்திரிகை நம் வீட்டில் ஒன்றுகூட இல்லை. பத்திரமாக வை.

புதன்கிழமை

கார்த்திக், மாலை 6.15
அத்தை, நூலகத்தில் எடுத்துப் புரட்டினேன். கதை நடுவில் வரலாறு என்றால் என்ன என்று பக்கம் பக்கமாகக் கட்டுரை வருகிறது. அதைத் தாண்டிப் போகலாமா?

அங்கயற்கண்ணி அத்தை, மாலை 6.40
முதல் வாசிப்பில் தாண்டலாம். டால்ஸ்டாயே 1873 பதிப்பில் அந்தக் கட்டுரைகள் பலவற்றைக் கதையிலிருந்து எடுத்துப் பின்னிணைப்பாக வைத்தார், பிரெஞ்சு உரையாடல்களையும் ரஷ்யமாக்கினார். எழுதியவருக்கே அந்த யோசனை வந்திருக்கிறது. ஆனால் தாண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவை. ஆஸ்டர்லிட்ஸைப் போலவோ போரதினோவைப் போலவோ ஒரு பெரும்போர் ஒரே ஒரு தலைவனின் விருப்பத்தால் நடக்கிறதா, இலட்சம் சிறு மனிதர்களின் செயல்களால் நடக்கிறதா என்பதுதான் அவருடைய கேள்வி. கதையை முடித்த பிறகு அந்தக் கேள்வி உன்னைத் தானாகத் தேடிவரும். அப்போது திரும்பிப் போ.

இன்னொன்றும் சொல்கிறேன். இது ஒரே மூச்சில் படிக்க எழுதிய நூல் இல்லை. 1865 முதல் ‘ரஷ்யத் தூதன்’ என்ற இதழில் முதற்பகுதிகள் தொடராக வந்தன. முழு நூல் 1869-இல்தான் முடிந்தது. அவர் மனைவி சோபியா அடித்தல் திருத்தல் நிறைந்த கைப்பிரதியைத் திரும்பத் திரும்பப் படியெடுத்தார். நம் அம்மா ‘பொன்னியின் செல்வ’னை 1950 முதல் மூன்றரை ஆண்டு வாரம்தோறும் கிழித்துச் சேர்த்துத் தைத்து வைக்கவில்லையா, அண்ணே? அது நீளம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அடுத்த இதழ் எப்போது வரும் என்றுதான் கேட்பார்.

பெரியப்பா, மாலை 7.02
சாக்குத் தைக்கும் ஊசியால் தைத்தார். என் கண்முன் நிற்கிறது.

அடுத்த திங்கள்கிழமை

அம்மா, காலை 11.30
பெரியப்பாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து நான்கு வேளை. கொஞ்ச நாள் கண்ணை வருத்தக்கூடாது, செய்தித்தாள்கூட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். யாரும் அவருக்கு நீளமாக எழுதி அனுப்பவேண்டாம்.

செல்வி, இரவு 9.48
பெரியப்பா, இன்று நான் படிக்கவேண்டிய அத்தியாயத்தை வாய்விட்டுப் படித்துப் பதிவு செய்திருக்கிறேன். பியரும் ஆந்திரேயும் படகுத்துறையில் நின்று பேசுகிற இடம். இதைத் தனியாகப் படிக்க மனம் வரவில்லை.
(குரல் பதிவு, 12 நிமிடம்)

பெரியப்பா, இரவு 10.15
(குரல் பதிவு, 1 நிமிடம்)

கார்த்திக், இரவு 10.20
பெரியப்பா அழுகிறாரா?

அங்கயற்கண்ணி அத்தை, இரவு 10.22
ஆமாம். அவர் பந்தலில் படித்தபோதும் அங்கே நிறுத்தித்தான் தொடர்ந்தாராம். ஆஸ்டர்லிட்ஸுக்குப் பிறகு ஆந்திரேய் முதன்முறையாக மறுபடி வானத்தை நிமிர்ந்து பார்க்கிறான், அதனால்.

மார்ச், வியாழக்கிழமை

செல்வி, இரவு 9.55
(குரல் பதிவு, 9 நிமிடம்)
அத்தை, மரத்தடிக்கு வந்துவிட்டேன். வசந்தத்தில் சுற்றிலும் எல்லாம் துளிர்த்திருக்க, அந்தக் கிழட்டு ஓக் மட்டும் மொட்டையாக, கோபமாக நிற்கிறது. ஆந்திரேய் அதைப் பார்த்து, ஆமாம், நம் வாழ்க்கையும் முடிந்துவிட்டது என்று நினைக்கிறான். அடுத்த அத்தியாயம் நத்தாஷாவின் ரோஸ்தவ் வீடுதானே? நாளை அதையும் படிக்கிறேன்.

சனிக்கிழமை

செல்வி, இரவு 10.30
(குரல் பதிவு, 8 நிமிடம்)
ஜூன் மாதம் அதே வழியாகத் திரும்பி வருகிறான். மரத்தைத் தேடுகிறான், அடையாளம் தெரியவில்லை. இலை தழைத்து நிற்கிறது. முப்பத்தோரு வயதில் வாழ்க்கை முடிந்துவிடவில்லை என்று நினைக்கிறான். எனக்கு முப்பத்துநான்கு அத்தை. அந்த வரியில் பதிவை நிறுத்தி, முகம் கழுவிவிட்டு வந்து தொடர்ந்தேன்.

அங்கயற்கண்ணி அத்தை, இரவு 10.36
அதற்காகத்தான் அம்மா சொல்லாமல் வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை

பாண்டி மாமா, அதிகாலை 4.10
மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மல்லிகை மூட்டை ஏற்றக் காத்திருக்கிறேன். வண்டியில் செல்வியின் பதிவைப் போட்டுவிட்டேன். மேலூர் சாலையை அகலமாக்கியபோது வெட்டிய புளியமரங்கள் நினைவுக்கு வந்தன. என் அப்பா காலத்து மரங்கள். அவற்றில் ஒன்றைப் பார்த்தும் யாராவது ஒருவர் இப்படித் தன் வாழ்க்கையை எண்ணிப் பார்த்திருப்பார். எனக்கு முன்கதை தெரியாது. யாராவது சொல்லமுடியுமா?

அங்கயற்கண்ணி அத்தை, அதிகாலை 5.15
நான் சொல்கிறேன் தம்பி. இன்று மாலை வீட்டுக்கு வாருங்கள். 1805 ஜூலையில் ஒரு விருந்தில் தொடங்குகிறது.

ஏப்ரல், செவ்வாய்க்கிழமை

பெரியப்பா, இரவு 9.40
கண் தெளிவாகிவிட்டது. மருத்துவர் படிக்கலாம் என்று சொல்லிவிட்டார். இதை நானே எழுதுகிறேன்.

செல்வி, இரவு 9.44
மிகவும் மகிழ்ச்சி பெரியப்பா! அடுத்த தொகுதியைக் கார்த்திக்கிடம் கொடுத்தனுப்பட்டுமா? நீங்களே படிக்கலாமே.

பெரியப்பா, இரவு 9.52
புத்தகம் உன்னிடமே இருக்கட்டும். மணி பத்தாகப் போகிறது, இன்றைய அத்தியாயம் இன்னும் வரவில்லையே அம்மா. நத்தாஷாவின் முதல் நடன விருந்தில் நிறுத்தியிருக்கிறாய்.

பாண்டி மாமா, இரவு 9.53
நானும் காத்திருக்கிறேன்.

செல்வி, இரவு 9.55
குக்கரை இறக்கிவிட்டு வருகிறேன்.