சர்வர் அப்டேட் ஆகவில்லை, லைசன்ஸ் முடிந்துவிட்டதா? அவசரம்!

மதுரைக்காரன்77:
ஆபீஸ் சர்வரில் அப்டேட் கொடுத்தால் 401 (அனுமதி இல்லை) என்று வந்து நின்றுவிடுகிறது. லாகின் செய்யும்போதெல்லாம் சப்ஸ்கிரிப்ஷன் இல்லை என்று ஒரு பெட்டி வேறு. போட்டுக் கொடுத்தவர் "ஓப்பன் சோர்ஸ் சார், காசே கிடையாது" என்றார். இப்போது போனை எடுக்கவில்லை. மாதக் கடைசி, சம்பளக் கணக்கு இதில்தான் ஓடுகிறது. திடீரென்று நின்றுவிடுமா?

நள்ளிரவு ஷிஃப்ட்:
எந்த மென்பொருள்? எந்தப் பதிப்பு?

தேனீ:
ரெட் ஹேட்டாக இருக்கும், சந்தா கட்டி வாங்கும் லினக்ஸ். பதிவு செய்யாத மெஷினுக்கு அப்டேட் வராது. அதோடு ஒத்துப்போகும் இலவச லினக்ஸான ராக்கிக்கோ ஆல்மாவுக்கோ மாறிவிடுங்கள், தலைவலி விட்டது.

வேர்ப்பயனர்:
சர்வரின் கடிகாரம் சரியா பாருங்கள். போன மாதம் எனக்கு அதுதான்.

பழைய அட்மின்:
சர்வர் நடத்துகிறார், அதன் பெயர் தெரியாது. எத்தனை வருஷமாகச் சொல்கிறேன்: முதலில் பெயர், அப்புறம் பதிப்பு, அப்புறம் அழுகை.

மதுரைக்காரன்77:
மன்னிக்கவும். ப்ராக்ஸ்மாக்ஸ் என்று போட்டிருக்கிறது. 8 என்று தொடங்கும் எண்.

நள்ளிரவு ஷிஃப்ட்:
அப்படியென்றால் பயப்படாதீர்கள், எதுவும் நிற்காது. ஒரே சர்வரில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள் அது; ஏஜிபிஎல் 3 என்ற ஓப்பன் சோர்ஸ் உரிமத்தில் வருவது, ஓட்டுவதற்குச் சாவி வேண்டாம். நிறுவியதும் அது, சந்தா கட்டியவர்களுக்கான அப்டேட் கிடங்கான என்டர்பிரைஸ் ரெபாசிட்டரியைத்தான் தேடிப் போகும். சந்தா இல்லாதவர்களை அங்கே 401 சொல்லித் திருப்பி அனுப்புவார்கள், அவ்வளவுதான். இடப்பக்கம் நோடை (உங்கள் சர்வரின் பெயர்) தேர்ந்தெடுத்து, அப்டேட்ஸ், அதற்குக் கீழே ரெபாசிட்டரீஸ். என்டர்பிரைஸ் வரியை டிசேபிள் செய்துவிட்டு, ஆட் அழுத்தி நோ-சப்ஸ்கிரிப்ஷனைச் சேருங்கள். அதில் வரும் பேக்கேஜ்கள் என்டர்பிரைஸ் அளவுக்குச் சோதிக்கப்பட்டவை அல்ல. பேக்கப் எடுத்துவிட்டு, சம்பளம் போட்ட பிறகு அப்டேட் செய்யுங்கள்.

தேனீ:
ஜாவாஸ்கிரிப்ட் கோப்பில் ஒரு வரியை மாற்றினால் அந்தப் பெட்டியும் போய்விடும்.

பழைய அட்மின்:
அடுத்த அப்டேட்டில் திரும்பி வரும். சம்பளம் ஓடும் மெஷினுக்குச் சந்தா வாங்க மனசு வராதா? சிபியு சாக்கெட் கணக்கில் வருடக் கட்டணம், அவ்வளவுதானே.

தேனீ:
வாங்கினாலும் அடிமட்டமான கம்யூனிட்டி சந்தாவில் உதவி கேட்டு டிக்கெட் போட முடியாது. ரெபாசிட்டரி மட்டும்தான். ஆள் உதவி வேண்டுமென்றால் அதற்கு மேலுள்ள பேசிக் சந்தாவாவது எடுக்க வேண்டும்.

பழைய அட்மின்:
அந்த ரெபாசிட்டரியையும் யாரோ உட்கார்ந்து சோதிக்கிறார்கள், அவர்களுக்கும் வீட்டு வாடகை உண்டு. ரெட் ஹேட் நிரலை வைத்தே உருவாகும், நீங்கள் மாறச் சொன்ன ராக்கி, 2023 ஜூனில் ரெட் ஹேட் தன் லினக்ஸின் மூலநிரலைப் பொதுவில் வைப்பதை நிறுத்தியபோது பட்ட பாடு மறந்துவிட்டதா?

தேனீ:
மறக்கவில்லை. ஜிபிஎல் என்ற ஓப்பன் சோர்ஸ் உரிமம் கொடுத்த உரிமைப்படி நிரலை நாலு பேருக்குக் கொடுத்தால் ரெட் ஹேட் சந்தா ரத்து என்பதற்கு என்ன பெயர்?

பழைய அட்மின்:
வியாபாரம்.

நள்ளிரவு ஷிஃப்ட்:
இருவரும் தனி இழை போட்டு அடித்துக்கொள்ளுங்களேன்.

மதுரைக்காரன்77:
மாற்றினேன். இன்னும் 401.

வேர்ப்பயனர்:
கடிகாரம் பார்த்தீர்களா?

நள்ளிரவு ஷிஃப்ட்:
கடிகாரம் தப்பினால் சான்றிதழ் பிழைதான் வரும் அண்ணே, 401 வராது. மதுரைக்காரரே, அதே பட்டியலில் செஃப் (சேமிப்பக மென்பொருள்) பெயரில் இன்னொரு என்டர்பிரைஸ் வரி இருக்கும். அதையும் டிசேபிள் செய்யுங்கள்.

மதுரைக்காரன்77:
சரியாகிவிட்டது, நன்றி. அப்டேட் ஓடிக்கொண்டிருக்கிறது.

நள்ளிரவு ஷிஃப்ட்:
இப்போதேவா? பேக்கப் எடுத்தீர்களா?

நள்ளிரவு ஷிஃப்ட்:
சார்?