தாத்தாவின் இரட்டைக்குழல் துப்பாக்கியை மலைநடைக்கு ஏற்றபடி மாற்றலாமா?

வெண்ணாற்றங்கரை:

அனைவருக்கும் வணக்கம். மன்னார்குடிப் பக்கம் எங்கள் தாத்தா வயற்காவலுக்காக வைத்திருந்த 12 போர் (bore, குழல்வாய் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி, அவர் காலத்துக்குப் பின் வாரிசு முறையில் உரிமம் பெற்று என் பொறுப்புக்கு வந்துள்ளது. அறுவடை முடிந்த பின் நண்பர்களுடன் பச்சைமலை, கொல்லிமலைப் பக்கம் நடக்கப் போவது என் வழக்கம். அங்கே காட்டுப்பன்றி, கரடி நடமாட்டம் உண்டு என்று சொல்லக் கேட்டிருப்பதால், துணைக்கு இதையும் தோளில் மாட்டிக்கொண்டு போகலாம் என்று எண்ணுகிறேன். முப்பது அங்குலக் குழல் புதர்களில் சிக்கும் என்பதால் அதைச் சற்றுக் குறைத்து, வார் மாட்ட இரண்டு வளையங்களைப் பற்றவைத்து, தோளில் பதியும் மரப் பின்கட்டையையும் என் கைக்கு ஏற்ற அளவில் அமைத்துக்கொள்ள விரும்புகிறேன். உள்ளூர்ப் பட்டறை ஒன்றில் செய்து தருவதாகச் சொல்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்.

குடமுருட்டி:

தம்பி, முதலில் பட்டறைக்குப் போவதை நிறுத்திவையுங்கள். உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரைத் தவிர வேறு யாரும் இந்த வேலையில் கை வைக்கச் சட்டம் இடம் தரவில்லை. தொழில்முறையிலும் அது ஆபத்து. பழைய இரட்டைக்குழலில் இரு குழல்களையும் நடுப்பட்டையையும் சேர்த்துப் பிடித்திருப்பது பெரும்பாலும் ஈயப்பற்றுதான். வளையத்துக்காக அங்கே வெப்பம் காட்டினால் அந்தப் பற்று இளகி, வெளியே ஒன்றும் தெரியாமலேயே பட்டை விட்டுப்போகும். இப்போதே அது சரியாக இருக்கிறதா என்று அறிய, குழல்களைத் தனியே கழற்றி, அடியில் உள்ள கொக்கியில் தொங்கவிட்டு விரல் முட்டியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். கோயில் மணிபோல ஒலி நீண்டு நின்றால் நல்லது; 'டொக்' என்று அடங்கிவிட்டால் எங்கோ விட்டிருக்கிறது.

குழலை வெட்டுவதில் இன்னொரு இழப்பும் உண்டு. வாய்ப்பக்கம் ஓரிரு அங்குலத்துக்குள்தான் ரவை (தோட்டாவில் உள்ள சிறு குண்டுகள்) சிதறாமல் சேர்ந்து போவதற்கான குறுக்கம் இருக்கும். அதை அறுத்து எறிந்தால் ரவை சீக்கிரமே அகலமாகச் சிதறும்; ரவை சிதறும் அளவில் இரு குழல்களுக்கும் இடையே தாத்தா பழகியிருந்த வேறுபாடும் போய்விடும்.

தோளில் மாட்டுவதற்கு, குழலின் மேல் ஒரு தோல் வளையமும் பின்கட்டையின் மேல் ஓர் உறையும் நழுவி ஏறும் வகை வார் கிடைக்கும். துளை வேண்டாம், நெருப்பு வேண்டாம், வேண்டாதபோது கழற்றிவிடலாம். பின்கட்டை குட்டையாக இருந்தால் ரப்பர் அட்டை வைத்து நீட்டிக்கொள்ளுங்கள். நீளமாக இருந்தாலும் அவசரப்பட்டு அறுக்காதீர்கள். பழைய வால்நட் மரக் கட்டைக்கு மாற்றுத் தேடுவது எளிதன்று.

வேதாரண்யத்தான்:

ஐயா சொன்னதோடு சட்டத்தையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனெனில் இதில் சிக்கினால் உரிமம் மட்டும் போவதோடு நிற்காது. 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் 6ஆம் பிரிவின்படி, அதற்கென்று தனி உரிமம் இல்லாதவர் துப்பாக்கிக் குழலைக் குறைப்பதே குற்றம். நீங்கள் வைத்துக்கொள்ளும் உரிமம் அதற்குப் போதாது. அடுத்து, உங்கள் உரிமப் புத்தகத்தில் எந்த நோக்கத்துக்காக, எந்த எல்லைக்குள் செல்லும் என்று குறித்திருப்பதைப் படியுங்கள். வயற்காவலுக்குத் தந்த உரிமம் மலைநடைக்குச் செல்லும் என்று நாமாகவே எண்ணிக்கொள்ளக் கூடாது.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள கோடியக்கரை சரணாலயத்தை எடுத்துக்கொண்டால், 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், தலைமை வன உயிரினக் காப்பாளர் அல்லது அதிகாரம் பெற்ற அலுவலரின் முன் அனுமதி எழுத்தில் இல்லாமல் ஆயுதத்தோடு உள்ளே நுழைவதையே தடுக்கிறது. பச்சைமலை சரணாலயம் அன்று என்று சொல்லலாம். ஆனால் காப்புக்காடுகளில் மலையேற்றமே வனத்துறை அனுமதியோடுதான். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் மலையேறச் சென்றவர்கள் உயிரிழந்த பின் இதில் கண்டிப்பு கூடியிருக்கிறது. அந்தக் காட்டில் துப்பாக்கியோடு நிற்பவரை வேட்டைக்கு வந்தவர் என்றுதான் யாரும் கருதுவார்கள். கரடிக்கும் பன்றிக்கும் அஞ்சுவதானால், விடிந்த பின் கிளம்புங்கள், கூட்டமாகப் பேசிக்கொண்டு நடங்கள், வழி தெரிந்த உள்ளூர் ஆள் ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கியைவிட இவை எவ்வளவோ மேல்.

வெண்ணாற்றங்கரை:

இருவருக்கும் மிக்க நன்றி. வெட்டும் எண்ணத்தையும் மலைக்குக் கொண்டுபோகும் எண்ணத்தையும் விட்டுவிட்டேன். குழல்களைக் கழற்றித் தட்டிப் பார்த்தேன், ஒலி நன்றாகவே நின்றது. அடிப்பகுதியில் முத்திரைகளுக்கு நடுவே 65 என்ற எண் தெரிகிறது. கடையில் இருக்கும் தோட்டாக்களில் 70 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கிறது. ஆனால் அது குழலுக்குள் தடையின்றி நுழைகிறது. வயலில் வெடிக்கலாமா?

குடமுருட்டி:

வெடிக்காதீர்கள். தோட்டாவின் மேல் எழுதியிருப்பது வெடித்து வாய் விரிந்த பின் உள்ள நீளம். மடித்து மூடிய நிலையில் அது குட்டையாக இருப்பதால்தான் 65 மில்லிமீட்டர் தோட்டா அறையிலும் (குழலில் தோட்டா அமரும் பகுதி) எளிதாக நுழைகிறது; வெடிக்கும்போது வாய் முழுதாக விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். பழைய எஃகு அதைத் தாங்காமல் போகலாம். குழலின் மேற்பரப்பில் நெளிநெளியாகக் கோடுகள் தெரிந்தால் அது இரும்பும் எஃகும் முறுக்கிச் செய்த பழங்காலக் குழலாக இருக்கலாம். அதில் இக்காலத் தோட்டா எதையும் போடக் கூடாது. எதுவானாலும் பழுதுபார்ப்பவர் தோட்டா அறையை அளந்து, குழல் சுவரின் கனத்தையும் பார்த்துச் சொல்லட்டும். அவரிடம் கொண்டுபோகும்போது தோட்டா இல்லாமல், குழலையும் கட்டையையும் பிரித்து உறையில் இட்டு, உரிமப் புத்தகத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் அந்தத் தோலுறையிலேயே விட்டுவைக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தைத் தோல் குடித்து வைத்துக்கொள்ளும், ஒரே மழைக்காலத்தில் குழலில் துரு புள்ளியிடும். துடைத்து, மெல்லிய துப்பாக்கி எண்ணெய் பூசி, பூட்டிய பெட்டியில் வையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுக்காகி விசையைப் பிடிக்கும்.